கோமாரி வராமல் தடுப்பது எப்படி? வந்துவிட்டால் செய்வது என்ன?

(கம்பம் பள்ளத்தாக்கில் கறவை மாடு வளர்க்கும் விவசாயத் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள் முன்னிலையில் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விடியற்காலை 4 மணிக்கு நாலு வீட்டு மாடு கறக்கப் போகவேண்டிய தாய்மார்கள் இருக்கிறீர்கள். ஆகவே வளர்த்தாமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்மில் பலருக்கு நிலம் இல்லை. கூலியும் எல்லா நாளும் இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் நடவு, களை, அறுப்பு என்று வேலை. மற்ற நாளில் திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம், இல்லையேல் மலை ஏறி ஏலத்தோட்டம். மில்லில் வேலை செய்பவருக்கும் மாசக் கடைசி வாரத்தில் கை வறண்டுவிடும். அந்தச் சமயத்தில் அடுப்பு எரிய வைப்பது வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஒற்றைப் பசு. அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கிப் பிடித்த பசு.

ஒரு கணக்குப் போடுவோம். காலையும் மாலையும் சேர்த்து 8 லிட்டர் கறக்கும் பசு. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 280 ரூபாய். இந்தப் பசுவுக்குக் கோமாரி வருகிறது. இரண்டே நாளில் பால் 2 லிட்டருக்கு இறங்குகிறது. நாளொன்றுக்கு 210 ரூபாய் போயிற்று. ஒரு மாசத்தில் 6,300 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, மருந்துச் செலவு தனி. புண் ஆறிய பிறகாவது பழைய 8 லிட்டர் வருமா என்றால், அந்த ஈற்றில் பல மாடுகளுக்கு வருவதில்லை. மடியில் புண் ஏறிக் காம்பு அடைத்துப்போனால் எந்த ஈற்றிலும் வராது. கடன் கொடுத்தவனோ தவணை தவணையாக வந்து வாசலில் நிற்பான். மாடு சாகவில்லை, ஆனால் குடும்பம் ஒரு வருஷத்துக்குச் சாய்ந்துவிட்டது. இன்று பேசவந்த வியாதியின் கொடுமை இதுதான்.

கோமாரி என்கிறோம், காணை என்கிறோம், கால் வாய் நோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றே. அம்மன் கோபம் என்று சொல்லுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. காரணம் தெரியாத காலத்தில் மனிதன் வேறென்ன சொல்லுவான்? ஆனால் காரணம் தெரிந்து 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1898இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள், நோய் கண்ட மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியாக் கிருமிகள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, வடிந்து வந்த தெளிந்த நீரை நல்ல மாட்டுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதற்கும் நோய் வந்தது. அப்படியானால் பாக்டீரியாவைக் காட்டிலும் சிறிய ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. மிருகங்களுக்கு வரும் வைரஸ் என்று உலகில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தக் கோமாரி வைரஸ்தான்.

குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும் எல்லாப் பிராணிக்கும் இது வரும். மாடு, எருமை, ஆடு, பன்றி, காட்டு மாடு, மான் எல்லாவற்றுக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் வராது. நம் நாட்டு மாடு ஓரளவு தாங்கும். ஜெர்சி, பிரீசியன் கலப்பு மாடு தாங்காது, விழுந்துவிடும். அதிகம் கறக்கிறது என்று நாம் தேடிப் பிடிப்பதோ அந்தக் கலப்பு மாட்டைத்தான்.

அடையாளம் சொல்லுகிறேன், கவனமாகக் கேளுங்கள். கிருமி உள்ளே புகுந்த 2 நாள் முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் அடிக்கும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, காது தொங்கும், பால் சட்டென்று குறையும். அடுத்து வாயிலிருந்து எச்சில் கயிறுபோல ஒழுகும். உதட்டைச் சப்புக் கொட்டும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். இருட்டில் தொழுவத்தில் கேட்டாலே தெரிந்துவிடும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் கிளம்பி, ஒருநாளில் உடைந்து, தோல் உரிந்து, சிவந்த புண்ணாகும். குளம்புப் பிளவிலும் அதே கொப்புளம். மாடு காலை உதறும், மாற்றி மாற்றி வைக்கும், பிறகு நிற்கவே முடியாமல் படுத்துவிடும். காம்பிலும் வரலாம். சினை மாடு சில சமயம் கன்று போட்டுவிடும்.

கன்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெரிய மாடு இந்த வியாதியில் சாவது குறைவு. கன்று அப்படியல்ல. வாயில் ஒரு புண்கூட இராது. காலையில் துள்ளிக்கொண்டு நின்ற கன்று மத்தியானம் விழுந்து கிடக்கும். வைரஸ் இருதயத்தின் தசையைத் தாக்கிவிடுவதுதான் காரணம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு புதைப்பார்கள். கண் வைத்தவர் எவருமில்லை. நோய் கண்ட தாயின் மடியில் குடித்த பால்தான். தாய்க்கு அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பாலில் கிருமி இறங்கிவிடுகிறது. ஆகவே ஊருக்குள் ஒரு மாட்டுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, கன்றை ஊட்ட விடாமல் பிரித்துக் கட்டுங்கள். பாலைக் கறந்து, காய்ச்சி, ஆறவைத்துப் புகட்டுங்கள்.

மாடு நொண்டினாலே கோமாரி என்று ஓடிவருபவர்களும் உண்டு. மழைக்காலத்தில், சகதியில் நாள் முழுக்க நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகல் வரும். அது வேறு. அநேகமாக ஒரு காலில் வரும். குளம்புக்கு மேலே வீங்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். வாயில் புண் இராது. பாக்டீரியாவால் வருவதாகையால் டாக்டர் போடும் ஊசிக்கு நன்றாகக் கேட்கும். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலைக் கழுவி உலர்ந்த தரையில் கட்டினால் சீக்கிரம் தேறும். கோமாரியோ வைரஸ். அதைக் கொல்லும் ஊசி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. டாக்டர் போடும் ஆன்டிபயாடிக் ஊசி, அந்தப் புண்ணில் வேறு கிருமி புகுந்து சீழ் வைக்காமல் தடுப்பதற்காக. இதைத் தெரிந்துகொள்ளாமல், 'மூன்று ஊசி போட்டும் கேட்கவில்லை' என்று டாக்டரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

சரி, எப்படிப் பரவுகிறது?

எச்சிலில், மூச்சில், சாணத்தில், மூத்திரத்தில், பாலில், எல்லாவற்றிலும் கிருமி இருக்கிறது. குளிர்ந்த ஈரமான நாளில் வைக்கோலிலும் சாணத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் பள்ளத்தாக்கின் அமைப்பைப் பாருங்கள். மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் ஒரு ஆறு, ஒரு ரோடு. கூடலூரில் கழுவுகிற தண்ணீர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் வீரபாண்டிக்கும் வந்து சேருகிறது. வாய்க்காலில் மாட்டை இறக்கிக் குளிப்பாட்டும் வழக்கம் நமக்கு உண்டு. நோய் கண்ட மாட்டை இறக்கினால் கீழே தண்ணீர் காட்டுகிற அத்தனை பேருக்கும் அனுப்பி வைத்ததாக அர்த்தம்.

சந்தை மாடு லாரி ஏறி குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத்துக்குப் போகிறது. எந்த ஊர் மாடு எந்த ஊர் மாட்டோடு ஒரே லாரியில் மூச்சுவிட்டது என்று யாருக்குத் தெரியும்? அறுப்பு முடிந்ததும் வயலில் கிடை போடுகிறோம். எருவுக்கு அது நல்லதுதான். ஆனால் ஐந்தாறு ஊர் மாடு ஒரே இடத்தில் ராத்தங்குகிறது. மேகமலைப் பக்கமும் வருசநாட்டுப் பக்கமும் மேய்ந்துவிட்டு மலை மாடு கீழே இறங்குகிறது. மாட்டுப் பொங்கலன்று கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு ஜனங்கள் திரளுகிறார்கள். இதையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. இத்தனை வாசல் திறந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு காவல் போடவேண்டும் என்கிறேன்.

இன்னொரு வாசல் நம் கையும் காலும்தான். நாலு தொழுவத்தில் கறக்கும் பெண்ணின் கையில், சேலை முந்தானையில், காலில் கிருமி ஒட்டிக்கொண்டு அடுத்த தொழுவத்துக்குப் போகும். பால்காரரின் கேனில் போகும். ஊசி போட வரும் என்னைப் போன்றவரின் செருப்பிலும் போகும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. முன்னொரு காலத்தில் ஒரே ஊசியால் வரிசையாகப் பல மாட்டுக்குப் போட்டிருக்கிறேன். அந்தத் தப்பை நானும் செய்தவன்தான். இன்று மாட்டுக்கு ஒரு ஊசி என்பது விதி. உங்கள் மாட்டுக்கு ஊசி மாற்றவில்லை என்றால் தைரியமாகக் கேளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ஊரில் நோய் வந்ததும், 'கறக்க வந்தவள்தான் கொண்டுவந்தாள்' என்று பழி ஏழையின் தலையில் விழுகிறது. வேலைக்கு வராதே என்கிறார்கள். மூன்று வாரக் கூலி போயிற்று. அடுத்த முறை என்ன நடக்கும்? தன் வீட்டு மாட்டுக்கு வந்தாலும் அவள் வாய் திறக்கமாட்டாள். மறைப்பாள். மறைத்தால் ஊர் முழுக்கப் பரவும். ஆகவே, நோய் கண்ட வீட்டிலிருந்து கறக்க வருபவரை நிறுத்திவைப்பது அவசியமானால், அந்த நாளுக்கு உண்டான கூலியைக் கொடுத்து நிறுத்துங்கள் என்று பால் சங்கத்தில் பேசி முடிவு செய்யவேண்டும். இது தர்மம் அல்ல. மாட்டுக்காரர் தன் மாட்டுக்குச் செய்துகொள்ளும் காவல். நிறுத்த அவசியமில்லாதபோது, ஒவ்வொரு தொழுவ வாசலிலும் சோப்பும் தண்ணீரும் வைக்கவேண்டும். கறப்பவர் கை கால் கழுவி உள்ளே போய், கழுவி வெளியே வரட்டும்.

இந்த வைரஸைக் கொல்ல விலையுயர்ந்த மருந்து தேவையில்லை. புளிப்பும் காரமும் அதற்கு ஆகாது. மளிகைக் கடையில் கிடைக்கும் சலவைச் சோடா போதும். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரையுங்கள். அதில் ஒரு சாக்கை நனைத்துத் தொழுவ வாசலில் போடுங்கள். உள்ளே வருபவர் அதை மிதித்து வரட்டும். தரையை, தொட்டியை, கேனின் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். மாட்டின் புண்ணில் இதை ஊற்றிவிடாதீர்கள், எரியும். ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் வேலி. பயிர் என்பது தடுப்பூசி.

கோமாரி வைரஸில் பல வகை உண்டு. நம் நாட்டில் இப்போது சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. தடுப்பூசியில் மூன்றும் சேர்ந்திருக்கிறது. கன்றுக்கு 4 மாசத்தில் முதல் ஊசி, ஒரு மாசம் கழித்து இன்னொன்று, பிறகு ஆயுள் முழுவதும் 6 மாசத்துக்கு ஒருமுறை. வருஷத்துக்கு ஒருமுறை போட்டால் பாதி வருஷம் மாடு நிராயுதபாணி. 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று தொடங்கி, 5 வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030க்குள் கோமாரியை ஒழிப்பது குறிக்கோள். மாட்டின் காதில் 12 எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்டுகிறார்களே, அது இதற்கான பதிவுதான். ஊசிக்குக் காசு கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஏன் பல மாடுகள் விட்டுப்போகின்றன? ஊசி போடுகிறவர்கள் காலை 10 மணிக்கு ஊருக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே? வயலில், இல்லையேல் மில்லில். வீட்டில் கிழவியும் குழந்தையும். மாட்டைப் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். மலை மாடோ காட்டில் நிற்கிறது. 10 மணி ஊசி, 10 மணிக்கு வீட்டில் இருப்பவன் மாட்டுக்கே கிடைக்கும். காலை 6 மணிக்கு, சங்கத்துக்குப் பால் ஊற்ற வரும் நேரத்தில், சங்க வாசலில் முகாம் போடுங்கள் என்று மனுக் கொடுங்கள். மலைக்கு ஓட்டுகிற மாட்டுக்கு, ஓட்டுவதற்கு முன்னால் போடச் சொல்லுங்கள். கேட்டால் வருவார்கள். நான் வேலையில் இருந்தபோது ஜனங்கள் சேர்ந்து கேட்ட ஊர்களுக்கு 5 மணிக்கே ஐஸ் பெட்டியோடு போயிருக்கிறோம்.

ஐஸ் பெட்டி என்றேனே, அதையும் கவனியுங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கவேண்டும். வெயிலில் வைத்தாலும் கெடும், உறைந்து கட்டியானாலும் கெடும். பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி போட்டால் பால் குறையும் என்று பயம். ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் குறையலாம். போட்ட இடத்தில் சின்னக் கட்டி வரலாம். 2 நாளைக்கு அரை லிட்டர் பெரிதா, மாசக்கணக்கில் 6 லிட்டர் பெரிதா? சினை கலைந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. சினைக் கலைப்பது கோமாரிதான். ஆனால் நிறைசினை மாடானால் முன்கூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடித்து இழுத்துத் தள்ளாமல் பக்குவமாகப் பிடிக்கவேண்டும். இன்னொன்று: ஊசி போட்டவுடனே பலம் வந்துவிடாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும். பக்கத்து வீட்டு மாடு எச்சில் ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடிவந்து போட்டால், பல சமயம் உள்ளே கிருமி ஏற்கெனவே இருக்கும். அப்புறம் 'ஊசியால்தான் வந்தது' என்பார்கள்.

ஒரு வீட்டு மாடு தப்பினால் போதாது, பத்து மாட்டில் எட்டுக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் கிருமி தாண்டிப்போக வழியில்லாமல் அடங்கும்.

நடக்கிற காரியமா என்று கேட்கிறீர்கள். வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததே, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஊராக மாட்டைக் கொன்றது. 1920களில் இமயமலையடிவாரத்து முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் உடம்பில் அந்தக் கிருமியைப் பழக்கித் தடுப்பு மருந்து செய்தார். 1954இல் இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு, சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் போட்டார்கள். 1995க்குப் பிறகு இந்த நாட்டில் அந்த நோய் இல்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மனிதருக்கு அம்மை ஒழிந்ததற்கு அடுத்தபடி, உலகிலிருந்து ஒழிந்த இரண்டாவது வியாதி அது. கோமாரி அதைவிடக் கஷ்டமான எதிரி என்பது உண்மை. பல வகை இருப்பதாலும், ஊசியின் பலம் சீக்கிரம் தேய்வதாலும், குணமான மாட்டின் தொண்டையிலேயே மாசக்கணக்கில், சிலவற்றில் வருஷக்கணக்கில் கிருமி பதுங்குவதாலும்.

2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தது. பணக்கார நாடு. அவர்கள் ஊசி போடாமல், நோய் வந்த பண்ணையையும் சுற்றுவட்டத்தையும் சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். 60 லட்சத்துக்கு மேல் ஆடு மாடு பன்றி. அதே வருஷம் தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சின்ன நாட்டிலும் வந்தது. முதலில் வெட்டத்தான் பார்த்தார்கள், சமாளிக்க முடியவில்லை. பிறகு நாட்டிலுள்ள மாடுகள் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார்கள். சில மாசத்தில் அடங்கியது. ஒற்றைப் பசுவை வைத்திருப்பவன் வீட்டில் போய் வெட்டு என்று சொல்ல முடியுமா? நமக்கு உருகுவேயின் வழிதான்.

ஊசி இருந்தும் ஏமாந்த கதையும் நம்மிடம் உண்டு. 2013இன் பிற்பகுதியில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கோமாரி பெரிதாகக் கிளம்பியது. காவிரி டெல்டாவில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் ஏழைகளின் மாடுகள் கொட்டிலிலேயே விழுந்தன. கேரள சர்க்கார் வெளி மாநில மாடு வருவதற்குத் தடை போட்டது. எல்லையோர ஊர்க்காரர்களான நமக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். நோய் வராத மாட்டையும் விற்க முடியாது.

இனி, தடுத்தும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காரியம், சொல்வது. 2009ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி, தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் மாட்டுக்காரர் ஊராட்சிக்குத் தெரிவிக்கவேண்டும். அவர்கள் கால்நடை டாக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். நோய் மாட்டைத் தனியே கட்டவேண்டும். சந்தையை நிறுத்திவைக்கவும் அதில் அதிகாரம் இருக்கிறது. நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரி வண்டிக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் போடலாம், செலவில்லை. டாக்டர் வந்தால் நோய் வந்த ஊரின் நடுவிலிருந்து அல்ல, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து உள்நோக்கி ஊசி போட்டு வருவார்கள். தீயைச் சுற்றிப் புல்லை வெட்டுவதைப் போல.

நோய் மாட்டைக் காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். காலுக்கு அடியில் வைக்கோல் பரப்புங்கள். ஒரே ஆள் பார்க்கட்டும். அவர் நல்ல மாட்டிடம் போகவேண்டாம். முடியாதென்றால் நல்ல மாட்டை முதலில் பார்த்துவிட்டு, நோய் மாட்டைக் கடைசியில் பாருங்கள். சாணத்தைத் தனிக் குழியில் போட்டு மூடுங்கள்.

வாயை நாளைக்கு இரண்டு மூன்று தடவை கழுவவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், அல்லது சிறிது படிகாரம், அல்லது ஆப்பச் சோடா கரைத்த தண்ணீர். பிறகு நாக்கில் போரோ கிளிசரின் தடவலாம். நாட்டு வைத்தியம் கூடாதா என்று கேட்பீர்கள். நல்லது உண்டு. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை வைத்திய மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் சோதித்து எழுதிக் கொடுத்த முறை இருக்கிறது. சீரகம், வெந்தயம், மிளகு தலைக்கு 10 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு முழுத் தேங்காய்த் துருவலோடு பிசையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கிலும் அண்ணத்திலும் தடவி, நாளைக்கு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள் கொடுங்கள். அடுக்களையில் உள்ள சாமான்தான்.

காலுக்கு அதே மையத்தின் எண்ணெய்: குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவையுங்கள். குளம்புப் பிளவைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, நாள்தோறும் போடுங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் முதல் நாள் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் விட்டுப் புழுவை எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

தீனிதான் பாதி மருந்து. வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போது வைக்கோலைப் போட்டுவிட்டு 'தின்னவில்லையே' என்று நின்றால் என்ன பிரயோஜனம்? கேப்பைக் கூழ், கஞ்சி, வாழைப்பழம், இளம் புல் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் கொட்டத்தில் மருந்தை ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் மாடு செத்துப்போகும். கோமாரியில் பிழைத்து, கொட்டத்தில் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றுவது, சூடு போடுவது, கொதிக்கும் மணலில் நிறுத்துவது எல்லாம் புண்ணின் மேல் புண்.

மூன்றாம் நாள் தரகர் வருவார். துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடிப்பார். 'இது தேறாது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு' என்பார். 40,000 ரூபாய் மாட்டுக்கு 10,000 என்று விரல் காட்டுவார். பயத்தில் தலையாட்டிவிடாதீர்கள். பராமரித்தால் பெரிய மாடு பெரும்பாலும் பிழைக்கும். விற்றால் உங்களுக்கு 30,000 நஷ்டம். அந்த மாடு போய் நிற்கும் சந்தை முழுவதற்கும் நோய். அங்கே வாங்கிக்கொண்டு போகிறவனும் உங்களைப்போல ஒரு கூலிக்காரன்தான். வாங்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சந்தையில் பிடித்த மாட்டை நேரே தொழுவத்தில் ஏற்றாமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். காது வில்லை எண்ணைக் கொண்டு கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். மாட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் சாவுக்குத்தான் பணம் கொடுக்கும். கோமாரி கொல்லாமல் வற்றவைக்கிற வியாதி. வற்றிய மடிக்கு யார் கொடுப்பது? நோய் அறிவித்த ஊரில், ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தும் பால் இழந்த சிறு மாட்டுக்காரருக்கு நிவாரணமும், கடன் தவணைக்கு மூன்று மாச அவகாசமும் கேட்பது நியாயமான கோரிக்கை. நிவாரணம் உண்டென்றால் எவரும் நோயை மறைக்கமாட்டார்கள். வாரத்துக்கு மாடு வளர்ப்பவர்கள், மருந்துச் செலவு யாருடையது, கன்று செத்தால் பங்கு எப்படி என்பதை இரண்டு சாட்சி வைத்து முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு பேசினால் வளர்ப்பவன் தலையில்தான் விடிகிறது.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் அம்மா கேட்டது: நோய் மாட்டுப் பாலைப் பிள்ளைகள் குடிக்கலாமா? இந்த வியாதி மனிதரை அநேகமாகத் தொடுவதில்லை. பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வருமே, அது வேறு வைரஸ், மாட்டிலிருந்து வருவதல்ல. ஆனாலும் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்கவேண்டும். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, டாக்டர் சொல்லும் நாள் வரையில் வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சங்கத்திலும் ஊற்றாதீர்கள். கன்றுக்குக் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

வாசலில் நோட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் வீட்டில் எத்தனை மாடு, 4 மாசம் நிறைந்த கன்று எத்தனை, ஆடு எத்தனை, காது வில்லை இல்லாதவை எத்தனை, எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்று சொல்லி எழுதிவிட்டுப் போங்கள். நாளைக் காலை அந்த நோட்டோடு நாலு பேர் மருந்தகத்துக்குப் போகிறோம்.